மூடும்போது மூன்று, திறக்கும்போது இரண்டு

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கோவில்பட்டியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி ஹாக்கி அணியில் இருக்கிறான். மூன்று மாதங்களுக்கு முன் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர், அவன் நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பயந்துபோய் உடனே தனியாரிடம் எக்கோ எடுத்தோம். 'பிறவியிலேயே வால்வில் இரண்டு இதழ்தான், லேசான சுருக்கம், வேகம் 2.4, கிரேடியன்ட் 23' என்று வந்தது. மனசு கேட்காமல் வேறு ஊரில் இன்னொரு எக்கோ எடுத்தோம். அதில் 'மூன்று இதழ், கொஞ்சம் தடித்திருக்கிறது, வேகம் 2, கிரேடியன்ட் 16, ருமாட்டிக் நோயாக இருக்கலாம்' என்று எழுதி, 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஊசி போட்டாயிற்று. சிடி ஸ்கேன் எடுத்தால் சந்தேகம் தீரும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பி.டி. வாத்தியார் இவனை மைதானத்தில் இறக்க மறுக்கிறார். எந்த ரிப்போர்ட்டை நம்புவது டாக்டர்? என் கணவருக்கு 39 வயது, ஐந்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். 7 வயதில் மகளும் இருக்கிறாள். மகனிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத தாய், கோவில்பட்டி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும், கூடவே அனுப்பியிருந்த இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகலையும் நிதானமாகப் படித்தேன். முதலில் ஒன்று. இரண்டு ரிப்போர்ட்டில் எது சரியாக இருந்தாலும், உங்கள் மகனுக்கு இன்றோ நாளையோ ஆபத்து வரும் நிலை இல்லை. அதனால் இரவில் எழுந்து அவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பதை விடுங்கள். சிடி ஸ்கேன் இப்போது வேண்டாம். எடுக்க வேண்டியது இன்னொரு எக்கோதான் (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை), ஆனால் அதைக் குழந்தைகள் இதயநோய் மருத்துவர் ஒருவர் தன் கையாலேயே செய்ய வேண்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். இது புரிந்தால், அந்த அறைக்குள் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நுங்கு வெட்டிப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் மூன்று கண் இருக்கும், சிலவற்றில் இரண்டுதான் இருக்கும். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனியின் வாசலில் உள்ள வால்வும் அப்படித்தான். இயல்பாக மூன்று இதழ்கள். கரு உருவாகும் முதல் சில வாரங்களில் இரண்டு இதழ்கள் பிரியாமல் ஒட்டியபடியே நின்றுவிட்டால், பிறக்கும்போது அது ஈரிதழ் வால்வு. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கிறது. பிறவி இதயக் குறைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதும் இதுதான், பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். லியனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டிதழ் வால்வை வரைந்து வைத்திருக்கிறார். நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதோ, சாப்பிடாததோ, கிரகணத்தன்று வெளியே போனதோ இதற்குக் காரணம் இல்லை. கடிதத்தில் நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு என் எதிரில் உட்காராத தாய் இல்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அப்படியானால் ஒருவர் இரண்டு என்கிறார், இன்னொருவர் மூன்று என்கிறாரே? ஒரே வால்வைப் பார்த்து இருவருமே கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்க வேண்டும். சிக்கல் அந்த ஒட்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டு இதழ்கள் ஒட்டி ஒன்றானாலும், ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு வரம்பு தங்கிவிடுகிறது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தால் தையல் கோடு மேடாகத் தெரியுமே, அது போல. நாங்கள் அதை ராஃபே என்போம். வால்வு மூடியிருக்கும்போது எக்கோ திரையில் பார்த்தால் இரண்டு இதழ்களின் விளிம்புகளோடு இந்தத் தையல் கோடும் சேர்ந்து மூன்று கோடுகளாகத் தெரியும். மூன்று இதழ் வால்வு மூடினால் என்ன தெரியுமோ அச்சு அசலாக அதே படம், பென்ஸ் கார் முத்திரை போல. வால்வு திறக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். தையல் கோடு திறக்காது. மூன்று இதழும் தனித்தனியாக இருந்தால் திறப்பு முக்கோணமாகவோ வட்டமாகவோ இருக்கும். இரண்டு என்றால் மீன் வாய் திறந்த மாதிரி நீள்வட்டமாக இருக்கும்.

வால்வு திறந்திருப்பதோ ஒரு துடிப்பில் கால் நொடி அளவுக்குத்தான். ஓடுகிற படத்தில் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். படத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, வால்வு முழுதாகத் திறந்த அந்த ஒன்றிரண்டு ஃபிரேமைத் தேடிப் பார்க்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு பையனுக்கு மூன்று இதழ் என்று எழுதியிருக்கிறேன். என் ஆசிரியர் படத்தைப் பின்னோக்கி நகர்த்தி, திறந்த ஃபிரேமில் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் திரையைக் காட்டினார். அன்றிலிருந்து மூடிய வால்வைப் பார்த்து நான் எண்ணிக்கை எழுதுவதில்லை. உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டோடு அச்சிட்டு வந்திருக்கும் படத்தைப் பாருங்கள், அதில் வால்வு மூடியிருக்கிறது. முதல் ரிப்போர்ட்டில் படமே இல்லை, ஆனால் 'வலதும் இடதும் ஒட்டியவை' என்று ஒட்டிய இதழ்களின் பெயரையே எழுதியிருக்கிறார்கள். ஈரிதழ் வால்வுகளில் அதிகம் காணப்படும் வகை அதுதான். திறந்த நிலையைப் பார்க்காமல் ஒருவர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் என் மனம் முதல் ரிப்போர்ட்டின் பக்கமே சாய்கிறது. ஆனால் படத்தைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன், நீங்களும் யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள். இனிமேல் எங்கே எக்கோ எடுத்தாலும் காகித ரிப்போர்ட்டோடு நிற்காமல், ஓடும் படங்களை சிடியிலோ பென் டிரைவிலோ வாங்கி வையுங்கள். அது உங்கள் பிள்ளையின் இதயம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

அடுத்து, 23-உம் 16-உம். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எக்கோவில் டாப்ளர் என்ற முறையில் கருவி நேரடியாக அளப்பது அழுத்தத்தை அல்ல, வால்வைக் கடக்கும் ரத்தத்தின் வேகத்தை. தோட்டத்தில் ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் எட்டிப் பாய்கிறதல்லவா? அது மாதிரி வாசல் குறுகக் குறுக வேகம் கூடும். அந்த வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும், அதுதான் கிரேடியன்ட். 2.4-ஐ 2.4-ஆல் பெருக்கி, நான்கால் பெருக்கிப் பாருங்கள், 23 வரும். 2-ஐ அப்படிச் செய்தால் 16. ஆக இரண்டு கணக்கும் சரி, அளந்த வேகம்தான் வேறு.

வேகம் ஏன் மாறியது? ஒலியலை ரத்தம் பாயும் திசைக்கு நேராகப் போக வேண்டும். சற்றுச் சாய்ந்தால் வேகம் குறைந்து தெரியும். 30 டிகிரி சாய்ந்தாலே 2.4 என்பது சுமார் 2.1 ஆகவும், 23 என்பது சுமார் 17 ஆகவும் இறங்கிவிடும். கோணப் பிழையால் அளவு குறையுமே தவிர அதிகமாகாது. ஈரிதழ் வால்வில் ரத்தம் நடுவாகப் பாயாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சும். அதனால் விலா எலும்புகளுக்கு இடையில் ஓரிடத்தில் மட்டும் கருவியை வைத்துப் பார்த்தால் போதாது. கழுத்துக் குழியில் வைத்தும், மார்பெலும்பின் வலப்புறம் வைத்தும் பார்த்து, கிடைத்ததிலேயே அதிக வேகத்தை எழுத வேண்டும். மறுபக்கம், பிள்ளைக்குக் காய்ச்சலோ ரத்தசோகையோ இருந்தாலும், பயந்து அழுதாலும் இதயம் வேகமாக அடித்து இந்த எண் உயரும். எனவே காய்ச்சல் இல்லாத நாளில் போங்கள். ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். பொதுவாக நொடிக்கு 2 முதல் 3 மீட்டருக்குள் வேகம் இருந்தால் லேசான சுருக்கம், 4 மீட்டரைத் தொட்டால் கடுமையானது. 2 என்றாலும் 2.4 என்றாலும் உங்கள் மகன் இருப்பது லேசான பக்கத்தில்தான்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குக் கவலை தருவது அதுதான். நம் ஊரில் குழந்தையின் வால்வு தடித்திருக்கிறது என்றவுடன் ருமாட்டிக் நோய் நினைவுக்கு வருவதில் தப்பில்லை. தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் காய்ச்சலால் வால்வு கெட்ட பிள்ளைகளை நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களுக்கு அந்த 21 நாள் ஊசி உயிர்காக்கும் மருந்து, ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. ஆனால் பிறவிக் குறைக்கு அந்த ஊசி எதையும் செய்யாது. தேவையில்லாமல் பல ஆண்டுகள் இடுப்பில் ஊசி வாங்கி, ஊசி நாள் என்றாலே ஓடி ஒளிந்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். திறந்த வால்வை ஒருவர் பார்த்திருந்தால் அவளுக்கு அந்த ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

இரண்டையும் பிரித்தறியும் வழியும் எக்கோவிலேயே இருக்கிறது. ருமாட்டிக் நோய் பெரும்பாலும் மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வை, தொடாமல் விடாது. அதன் முன் இதழ் நுனியில் இறுகி, நடுவில் புடைத்து, உங்கள் மகன் பிடிக்கும் ஹாக்கி மட்டை போலவே வளைந்து தெரியும். நாங்களும் அதை அந்தப் பெயராலேயே சொல்கிறோம். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் மைட்ரல் வால்வு இயல்பாக இருப்பதாக எழுதியிருக்கிறது. மூட்டு வீங்கிய காய்ச்சல் அவனுக்கு வந்ததாக நீங்களும் எழுதவில்லை. பெருந்தமனி வால்வில் மட்டும் மாற்றம் தெரிந்தால், ஈரிதழ் வால்வு இல்லை என்று உறுதிசெய்த பிறகே ருமாட்டிக் என்று சொல்ல வேண்டும். உலக இதயக் கூட்டமைப்பு 2012-இல் வெளியிட்ட வரையறையும் இதைத்தான் வலியுறுத்துகிறது. இருந்தாலும் ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். புதிய எக்கோவுக்கு முன் அடுத்த ஊசி நாள் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று கூடிப்போவதால் கேடில்லை. நிறுத்துவதை, படத்தைப் பார்த்த மருத்துவர் எழுத்தில் சொல்லட்டும்.

இரண்டு ரிப்போர்ட்டிலும் இல்லாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. ஈரிதழ் வால்வு என்று பெயர் வைத்தாலும் இது வால்வோடு முடியும் குறையல்ல, அதற்கு மேலே தொடங்கும் பெருந்தமனியின் சுவரும் சிலருக்குப் பலவீனமாக இருந்து ஆண்டுகள் போகப் போக விரியும். அந்த விரிவு பல சமயம் வால்வை ஒட்டிய அடிப்பகுதியில் இருக்காது, அதற்கு மேலே ஏறுகிற குழாய்ப் பகுதியில்தான் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டுகளில் அடிப்பகுதியின் அளவு மட்டும் இருக்கிறது, மேலே உள்ள பகுதியை யாரும் அளக்கவில்லை. புதிய எக்கோவில் வால்வு வளையம், அதன் மேலுள்ள புடைப்பு, புடைப்பு முடியும் இடம், ஏறுமுகப் பகுதி என நான்கு இடத்திலும் அளவு கேளுங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 5.5 செ.மீ. ஆனால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். வளரும் பிள்ளைக்கு வெறும் மில்லிமீட்டர் கணக்கு உதவாது. உயரத்தையும் எடையையும் வைத்து, அவன் உடல்வாகுக்கு உரிய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு இசட் ஸ்கோர் என்று பெயர். 2-க்குள் இருந்தால் நல்லது. அன்றைக்கே உயரம், எடை எடுத்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் அடுத்த வருடம் ஒப்பிட முடியாது.

இன்னொன்று, பெருந்தமனி இதயத்திலிருந்து மேலேறி வளைந்து கீழே இறங்கும் இடத்தில் சிலருக்கு இறுக்கம் இருக்கும். அப்படிப் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்காவது ஈரிதழ் வால்வும் இருக்கும் என்பதால், ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடாமல் விடக் கூடாது. இதற்கு முதலில் வேண்டியது ஸ்கேன்கூட இல்லை, மருத்துவரின் விரல்தான். தொடை இடுக்கில் நாடி நன்றாகத் துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வலது கையிலும் காலிலும் பிரஷர் எடுக்க வேண்டும். இயல்பாகக் காலில் அளவு கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கையில் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால் அந்த இறுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதே உங்கள் கணவரின் நினைவு வந்திருக்கும். 34 வயதில் பிரஷர் வந்தவர் என்றால், மகனுக்கு இப்படி ஒரு குறை தெரிந்த பிறகு, அவருக்கும் கையிலும் காலிலும் பிரஷர் பார்த்து ஒரு எக்கோ எடுத்துவிடுவது அவசியம். அவருக்கு வந்திருப்பது சாதாரண ரத்தக்கொதிப்பாகவே இருக்கலாம். ஆனால் ஈரிதழ் வால்வு உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது இருக்கிறது, வெளியே தெரியாமலே. நீங்களும் மகளும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள். நோயில்லாத எனக்கு எதற்கு என்று வீட்டில் ஒருவர் சொல்வார், அவரை முதலில் கூட்டிப் போங்கள்.

சிடி ஏன் வேண்டாம் என்கிறேன்? எக்கோ என்பது ஒலியலை. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் பார்ப்பதற்காகக் கப்பல் கட்டும் தளத்தில் இருந்த கருவியை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்த்ததிலிருந்து வளர்ந்தது இது. எட்லர் தேடியதும் ஒரு வால்வு பற்றிய விடையைத்தான், மார்பைத் திறக்காமல் மைட்ரல் வால்வின் கேட்டை அறிய வழியுண்டா என்று. துடிக்கிற வால்வைத் துடிக்கும்போதே, கதிர்வீச்சு இல்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்க முடிவது இதில்தான். 11 வயதுப் பையனின் மார்புச் சுவர் மெல்லியது, படம் தெளிவாக வரும். நல்ல கையில் கிடைத்தால் பெரும்பாலும் இதுவே போதும்.

சிடி என்றால் எக்ஸ்ரே கதிர்வீச்சு, கூடவே நரம்பில் ஏற்றும் சாய மருந்து. அது பெருந்தமனியின் வடிவத்தை முழுதாகக் காட்டும், வால்வில் சுண்ணாம்பு படிந்திருப்பதையும் காட்டும். பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் அது பெரிய உதவி. ஆனால் ரத்தம் எந்த வேகத்தில் பாய்கிறது, எவ்வளவு திரும்பி ஒழுகுகிறது என்று அதில் அளக்க முடியாது. இதழை எண்ணுவதற்காக மட்டும் ஒரு பிள்ளையைக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்குவதை நான் ஏற்க மாட்டேன். எக்கோவில் ஏறுமுகப் பகுதி சரியாகத் தெரியவில்லை, அல்லது விரிந்திருப்பதாகச் சந்தேகம் வருகிறது என்றால் எம்ஆர்ஐ கேளுங்கள். அதில் கதிர்வீச்சு இல்லை, ரத்தம் எவ்வளவு பாய்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்பதையும் மில்லிலிட்டரில் சொல்லும். அரை மணிக்கு மேல் அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சை நிறுத்த வேண்டும். உங்கள் மகன் வயதில் அது முடியும். தொண்டை வழியாகக் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவும் உண்டு. பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தர வேண்டியிருப்பதால், அவனுக்கு இப்போது அது தேவைப்படாது.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூன்று மாதத்தில் இரண்டு முறை தனியாரிடம் போயிருக்கிறீர்கள். பள்ளியில் கொடுத்த அந்தச் சீட்டு வீட்டில்தான் இருக்கும், தேடி எடுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அந்தக் குழுவினர் வருகிறார்கள். அதைக் காட்டினால் அரசு மருத்துவமனை வழியாகக் குழந்தைகள் இதயநோய் மருத்துவரிடம் அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. ஸ்டெதஸ்கோப்பில் அந்த இரைச்சலைக் கேட்டு எழுதிய மருத்துவருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் பள்ளி வராந்தாவில் அதைக் கேட்டறிவது எளிதல்ல.

ஹாக்கிக்குத் தடை போடும் அளவுக்கு இந்த எண்களில் எதுவும் இல்லை. சுருக்கம் லேசானதுதான், ஈசிஜி சரி, பெருந்தமனி அளவு இயல்பு என்று புதிய சோதனையில் தெரிந்தால் அவன் மற்றப் பிள்ளைகள் போலவே ஆடலாம், போட்டிகளிலும் இறங்கலாம். அதை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி பி.டி. வாத்தியாரிடம் கொடுங்கள். அவர் பயந்தது பொறுப்புணர்வால்தான், வருத்தப்படாதீர்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, தலைசுற்றினாலோ, மயங்கி விழுந்தாலோ மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் வர வேண்டும். வளர்கிற வயதில் வருடம் ஒரு எக்கோ எடுத்து வந்தால் போதும். பின்னாளில் சுருக்கம் கூடினாலும் பலூனால் விரிப்பது, வால்வைச் சீரமைப்பது, மாற்றுவது என்று வழிகள் உண்டு. வாழ்நாள் முழுக்க எதுவுமே தேவைப்படாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பல்லைக் கவனியுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் துலக்க வேண்டும், சொத்தை இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இப்படிப்பட்ட வால்வில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதற்கு முன் ரத்தத்தில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை, எடுக்க வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி பிடிபடாது.

மகனிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். இரண்டு எக்கோ, இரண்டு ஊசி, மைதானத்துக்குப் போகத் தடை, வீட்டில் தாழ்ந்த குரலில் பேச்சு. ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அவன் ஏற்கனவே முடிவு கட்டியிருப்பான். நுங்கு சீசன் என்றால் இரண்டு கண் நுங்கு ஒன்றைத் தேடிக் காட்டிச் சொல்லுங்கள். எக்கோ அறையில் அவனை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், திரை அவனுக்குத் தெரியாது. முடிந்ததும் வால்வு திறந்த அந்த ஃபிரேமை அவனுக்குக் காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், காட்டுவார். எத்தனை இதழ் என்று அவனே எண்ணட்டும். அந்தப் படத்தையும், நான்கு இடத்து அளவுகளையும், உங்கள் கணவரின் கை, கால் பிரஷர் எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.